மதலேனா ஆஸ்பத்திரியின் வரலாறு எழுதியவள்

விருத்தாசலத்தைச் சுற்றி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என்னிடம் படித்த நர்ஸ் ஒருத்தியாவது இருப்பாள். அன்புக்கரசி மிஸ் எப்படி என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். மிஸ் இரண்டு காரியத்துக்குத்தான் கை ஓங்குவார் என்பாள். ஒன்று, கை கழுவாமல் பிரசவ அறைக்குள் கால் வைப்பது. மற்றது, கேஸ் ஷீட்டில் தலைப்பு எழுதாமல் அடுத்த தாளுக்குப் போவது.

நோயாளியின் பெயரும் வயதும் எண்ணும் ஒவ்வொரு தாளின் தலையிலும் இருக்க வேண்டும். முதல் தாளில்தான் இருக்கிறதே என்று என்னிடம் பேசக் கூடாது. தாள் கிளிப்பிலிருந்து கழன்று விழும். விழுந்ததை யாரோ எடுத்து யாருடைய கேஸ் ஷீட்டிலோ செருகுவார்கள். ஒருத்திக்குப் போட வேண்டிய ஊசி இன்னொருத்திக்குப் போகும். "தலப்பு இல்லாத தாளு எந்த வூட்டுக்கு வேணும்னாலும் போவும்டி" என்று முப்பத்தைந்து வருஷம் கத்தியிருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தேன். மாணவி ஒவ்வொருத்திக்கும் கேஸ் புக் உண்டு. தான் பார்த்த பிரசவத்தை அதில் எழுதி என்னிடம் நீட்டுவாள். நான் வரி வரியாகப் படித்துவிட்டுக் கீழே பென்சிலால் ஒரு டிக் போடுவேன். அந்த டிக் பக்கத்தில்தான் அவள் கையெழுத்துப் போட வேண்டும். டிக் இல்லாத இடத்தில் பேனா வைத்தால் உதை விழும். டிக் இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை, மிஸ் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இந்தப் பழக்கத்தைக் கண்டுபிடித்ததற்காக நான் கொஞ்சம் கர்வப்பட்டதும் உண்டு.

ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. போன சித்திரையில் டோமினிக் வீட்டுக்கு வந்தான். மதலேனா நினைவு ஆஸ்பத்திரிக்கும் அதன் நர்ஸிங் ஸ்கூலுக்கும் அவன்தான் செயலாளர். இரண்டையும் ஆரம்பித்த அடைக்கலத்தின் பேரன். ஊருக்கெல்லாம் டோமினிக் சார், எனக்கு மட்டும் தம்பி. நான் அங்கே மாணவியாக இருந்தபோது கைக்குழந்தையாக வந்தவன். அவனுக்குப் போட்ட தடுப்பூசி எல்லாம் நான் போட்டது.

"அன்பு அக்கா, ஆஸ்பத்திரிக்கு அறுவது வருஷம் ஆவுது. வைர விழா வைக்கிறோம். மலர் ஒண்ணு போடறோம். அதுக்கு வரலாற நீங்கதான் எழுதணும். ஒங்கள வுட்டா வேற யாருக்குத் தெரியும்?" என்றான்.

புகழ்ச்சிக்கு மயங்காதவள் என்று என்னைப் பற்றி ஓர் எண்ணம் வைத்திருந்தேன். அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரியின் பழைய ரெக்கார்டு ரூமிலேயே கிடந்தேன். கரையான் தின்றது போக மீந்ததைத் தூசி தட்டிப் படித்தேன். அடைக்கலம் மாட்டு வண்டி வைத்துப் பீங்கான் வேலைக்குக் களிமண் ஏற்றியவர். ஆற்றுக்கு அந்தக் கரையில் குடியிருந்தார். மனைவி மதலேனாவுக்கு இடுப்பு வலி எடுத்த அன்று மணிமுத்தாற்றில் வெள்ளம். களிமண் வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்துக் கரையில் காத்திருந்தார்கள். தண்ணீர் வடியவில்லை. தாயும் போய்ச் சேர்ந்தாள், பிள்ளையும் போய்ச் சேர்ந்தது. மூத்த மகனுக்கு அப்போது வயது ஆறு. மூன்று வருஷம் கழித்து, அறுபத்து நான்கில், ஆறு கட்டிலோடு அவள் பெயரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி திறந்தார் அந்த மனிதர். எழுபத்தொன்றில் எட்டுப் பெண்களோடு நர்ஸிங் ஸ்கூல்.

அந்த எட்டுப் பெண்களில் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசினேன். சூளை வெடித்துப் பதினொரு பேர் வெந்து வந்த நாளில், பஞ்சு தீர்ந்துபோய்த் தங்கள் யூனிபார்ம் புடவையைக் கிழித்துக் கட்டுப் போட்டதை ஒருத்தி சொன்னாள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் அடித்த 'தானே' புயலில் வார்டு ஓடு பறந்த கதையை நானே எழுதினேன், ஏனென்றால் அந்த ஓட்டுக்குக் கீழே நான் நின்றேன். நாற்பது பக்கம் வந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே புத்தகம் அதுதான்.

ரெக்கார்டு ரூமில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் அடைக்கலத்தின் டிரஸ்ட் பத்திரம். காணாமல் போய்விட்டது என்று டோமினிக்கின் அப்பா காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பத்திரம். அதில் ஒரு பத்தியைப் படித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அது என்ன பத்தி என்று சொல்வதற்கு முன்னால் பெரிய நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேட்ச் படிப்பு முடிந்து வெளியேறும்போதும் தங்களுக்குள் ஒரு தலைவியைத் தேர்ந்தெடுப்பார்கள். அவள் மேடைக்குப் போய், சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டில் பெயர் எழுதிவிட்டு இறங்குவாள். எண்பத்திரண்டில் எங்கள் பேட்ச்சுக்கு நான் எழுதினேன். ஏன் எழுதுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ சடங்கு, கேக் வெட்டுவது போல என்று நினைத்திருந்தோம்.

பத்திரம் சொன்னது இதுதான். ஆஸ்பத்திரியை மூடுவதானாலும், நிலத்தை விற்பதானாலும், பெரிய நோட்டில் பெயர் எழுதிய செவிலியர்களில் உயிரோடு இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்திட்டுச் சம்மதிக்க வேண்டும். "என் வாரிசுகளுக்கு மட்டும் அந்த அதிகாரம் கிடையாது" என்று எழுதி, கீழே அடைக்கலத்தின் இடது பெருவிரல் ரேகை. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், பெற்ற பிள்ளையை நம்பாமல், இன்னும் பிறக்காத நர்ஸுகளை நம்பியிருக்கிறார். எங்களை யார் அப்படி நம்பினார்கள்? அழுகை வராமல் என்ன செய்யும்?

அழுது முடித்ததும் முதல் காரியமாக அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து டோமினிக்குக்கு அனுப்பினேன். 'ஒங்க தாத்தா எவ்வளவு பெரிய மனுஷன் பாரு தம்பி' என்று கூடவே எழுதினேன். அவன் கும்பிடும் கை இரண்டு அனுப்பினான். ஆடு தானே போய்த் தலையை நீட்டியது என்பார்களே, அது நான்தான்.

நான்கு நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தான்.

"அக்கா, நீங்க அனுப்புனத பாத்துட்டு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பெரிய நோட்டுல எழுதுனவங்க எல்லார் கையெழுத்தையும் வாங்கி மலர்ல அப்புடியே போட்டோவா போட்டா எப்புடி இருக்கும்? தாத்தாவுக்கு மரியாத செஞ்ச மாரி இருக்கும்ல?"

மேலே ஒரு தாளில் வாழ்த்துச் செய்தி அழகாக அச்சடித்திருந்தது. அடியில் ஐந்து தாள், வெறும் கட்டம் மட்டும்: வரிசை எண், பெயர், பேட்ச், கையொப்பம். வரிசை எண் ஒன்றில் நானே போட்டேன். அவன் கண் முன்னால் போட்டேன்.

உயிரோடு இருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். பெண்ணாடத்தில் ரீட்டா, ஸ்ரீமுஷ்ணத்தில் டெய்சி, நல்லூர்ப் பக்கம் நான்கு பேர், கடலூரில் ஏழு பேர். போன இடமெல்லாம் சாப்பாடு, சிரிப்பு, பழைய கதை. தாளை எடுத்து வைத்து, அவரவர் கட்டத்தில் பென்சிலால் டிக் போடுவேன். ஒருத்தியும் மேலே கீழே பார்க்கவில்லை. "மிஸ், இன்னும் டிக்க வுடலயா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

ஒருத்தியைத் தவிர. திரௌபதி தொண்ணூற்றாறு பேட்ச். அப்பா செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்து இருமி இருமிச் செத்தவர். படிப்பு முடித்ததிலிருந்து நம் ஆஸ்பத்திரியிலேயே வேலை, இப்போது பிரசவ வார்டுக்கு அவள்தான் பொறுப்பு. குடியிருப்பதும் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸில்தான். ஃபைலைத் திறந்தபோது வாழ்த்துத் தாள் வீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. கட்டம் போட்ட தாள் மட்டும்தான் இருந்தது.

திரௌபதி பேனாவை எடுத்தாள், வைத்தாள். "மிஸ், மேல தலப்பு ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

"அதெல்லாம் டோமினிக் பாத்துக்குவாரு. போடுடி."

"இல்ல மிஸ், நீங்கதான் சொல்லுவீங்க..."

"எனக்கே பாடம் எடுக்கறியா? பஸ்ஸுக்கு நேரமாவுது. போடு."

போட்டாள். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் கேள்வி என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவளுக்கு வயது நாற்பத்தேழு. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்?

என்னுடையதையும் சேர்த்து முப்பத்தெட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். டோமினிக் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஆவணியில் விழா நடந்தது. பந்தல், பிரியாணி, பங்குத்தந்தையின் ஆசீர், எனக்குச் சால்வை, ஆஸ்பத்திரி படம் போட்ட பீங்கான் தட்டு. மலர் என் கைக்கு வந்தது. வரலாறு முழுக்க இருந்தது, வெள்ளம், வண்டி, சூளை, புயல் எல்லாம். பத்திரத்தைப் பற்றி நான் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கம் மட்டும் இல்லை. கையெழுத்துப் போட்டோவும் இல்லை. கேட்டேன். "பக்கம் பத்தலக்கா" என்றான். கட்டுரைக்குக் கீழே என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, அதைப் பார்த்துச் சமாதானமாகிவிட்டேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

ஐப்பசி மாதம் ஒரு காலை திரௌபதி போன் செய்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்குது மிஸ். வந்து பாருங்க."

ஆட்டோ பிடித்துப் போனேன். யூனிபார்மில் இருபத்திரண்டு பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள், படிப்பு பாதியில் நிற்கும் பெண்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய்ப் படித்தேன். இந்த மாதக் கடைசியோடு மதலேனா நினைவு மருத்துவமனையும் செவிலியர் பள்ளியும் மூடப்படுகின்றன. இம்முடிவு, முன்னாள் மாணவியர் பிரதிநிதிகள் முப்பத்தெட்டுப் பேரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன், திருமதி அன்புக்கரசி முன்மொழிய எடுக்கப்பட்டது.

முன்மொழிந்தவள் நானாம். வரிசை எண் ஒன்று அல்லவா?

பக்கத்திலிருந்த ஒரு பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும், "நீங்கதான அந்த மேடம்?" என்று கேட்டாள். நான் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

டோமினிக் ஆபீஸில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், மரியாதைக்குக் குறைச்சலில்லை. "ஒக்காருங்கக்கா" என்றான்.

"மேல் தாள மாத்திட்டியாடா?"

அவன் நேரே கணக்குக்குப் போனான். "மாசத்துக்கு ஆறு பிரசவம் வருதுக்கா. ஒங்க காலத்துல தொண்ணூறு வந்துச்சு. இப்ப வலி எடுத்தா 108ல ஏறி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. டாக்டரு ஒருத்தரும் நெலச்சு நிக்க மாட்டேங்கறாங்க. ஸ்கூலுக்கு எத்தன பெட்டு காட்டணும்னு ஒங்களுக்கே தெரியும். எத்தன நாளைக்கு முட்டுக் குடுக்கறது?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இத எங்ககிட்ட கேட்டுருக்கலாம்ல? நாப்பத்து மூணு பேரையும் ஒக்கார வெச்சுச் சொல்லியிருந்தா, ஒருவேள நாங்களே போட்டுருப்போம்."

"கேட்டிருந்தா பேசிக்கிட்டே இருந்திருப்பீங்கக்கா. ஒருத்தர் அழுவீங்க, ஒருத்தர் பேப்பர்காரனக் கூப்புடுவீங்க. எடத்த வாங்கறவங்க அதுவரைக்கும் நிப்பாங்களா? கல்யாண மண்டபம் கட்டறவங்க. வர்ற திங்கக்கெழம பத்திரம் பதியறாங்க."

"மதலேனா பேருல இருக்கற எடத்துலயாடா மண்டபம்?"

"அந்தப் பேர மண்டபத்துக்கு வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றான். நிஜமாகவே அது ஒரு பெரிய உபகாரம் என்று அவன் நம்பினான்.

நான் எழுந்தேன். "இது பித்தலாட்டம்னு எழுதிக் குடுப்பேன்."

"குடுங்க. என்னான்னு எழுதுவீங்க? தலப்பு இல்லாத வெறுந்தாள எடுத்துக்கிட்டு வூடு வூடா போயி நாந்தான் கையெழுத்து வாங்கனேன்னா? நான் யாரு வூட்டுக்கும் போவலக்கா. மொதல்ல கூப்புட்டு விசாரிக்கறது ஒங்களத்தான்."

இந்தத் துரோகத்தைச் செய்வதற்கு அவனுக்கு வேறு யாருமா கிடைக்கவில்லை? கிடைக்கவில்லைதான். வேறு யார் போய்க் கேட்டிருந்தாலும் அந்த முப்பத்தெட்டுப் பேரும் படித்துப் பார்த்திருப்பார்கள்.

கோர்ட் பக்கத்தில் கோதண்டபாணி என்ற வக்கீல் இருக்கிறார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு வழி சொன்னார்.

"கையெழுத்த வாங்குன நீங்களே, இந்த மாரி பொய் சொல்லி வாங்கிட்டேன்னு பதிவு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா, திங்கக்கெழம பதிய மாட்டாங்க. ஆனா ஒங்க மேலயும் கேஸு வரலாம். இல்லன்னா, போட்டவங்கள்ல பத்துப் பேரு வாபஸ் வாங்கணும். மூணுல ரெண்டு பங்குன்னா இருவத்தொம்போது வேணும். பத்துப் பேரு போனா இருவத்தெட்டுதான். அப்பயும் நின்னுரும்."

முதல் வழி எனக்குப் பிடிக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில், நாற்பது வருஷப் பெயரோடு, நான் ஏமாற்றுக்காரி என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். 'செயலாளர் டோமினிக் அவர்கள் விழா மலருக்கு என்று சொல்லி எங்களிடம் கையெழுத்துப் பெற்று ஏமாற்றிவிட்டார்.' என் பெயர் எங்கேயும் வராமல், மற்றவர்களோடு மற்றவளாக 'எங்களிடம்' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை பெண்ணாடம் போனேன். ரீட்டா கதவைத் திறந்து உட்கார வைத்தாள். மனுவைக் கையில் வாங்கினாள், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள், திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"புள்ள மில்லுலேந்து வரட்டும் மிஸ். அவன் பாத்துட்டுச் சொல்லட்டும்."

"என்ன நம்பலியாடி?"

"நம்பித்தான மிஸ் மொத தடவ போட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மகன் சாயங்காலம்வரை வரவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்தில் டெய்சி கேட்டையே திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அந்தக் கையெழுத்து எதுக்குன்னும் எனக்குத் தெரியாது, இந்தக் கையெழுத்து எதுக்குன்னும் எனக்குத் தெரியாது. என்ன வுட்டுருங்க மிஸ்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "டோமினிக் சாரு ஒங்களுக்கு என்னா செஞ்சு குடுத்தாரு? ஊரெல்லாம் பேசிக்கறாங்க" என்று கேட்டாள். பெருமாள் கோயில் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். நின்றுகொண்டே அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன?

நல்லூரில் நான்கு பேரில் மூன்று பேர் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டார்கள். நான்காமவள் காபி கொடுத்தாள், மழை வருமா என்று பேசினாள், தாளைத் தொடவே இல்லை. கடலூரில் இருப்பவர்கள் போனையே எடுக்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மறுபடி வேலியாக நிற்கிறேன் என்றால் யார் விடுவார்கள்? அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் திரௌபதியிடம் போனேன். அவளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அவள் கண்ணைப் பார்க்க எனக்குப் பயம்.

பிரசவ வார்டில் ஒரு கட்டிலிலும் ஆள் இல்லை. கடைசித் தாயும் பிள்ளையும் காலையில் வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரௌபதி கத்தரி, கிடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மூடப்போகிற வார்டில் எதற்கு இது என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மூலையில் அவள் குவார்ட்டர்ஸிலிருந்து கட்டிக் கொண்டுவந்த இரண்டு மூட்டைகள் இருந்தன.

வக்கீல் சொன்ன இரண்டு வழியையும் சொல்லி மனுவைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே படித்தாள். பிறகு சத்தமாக ஒருமுறை படித்தாள். 'செயலாளர் டோமினிக் அவர்கள் எங்களிடம் கையெழுத்துப் பெற்று' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"டோமினிக் சாரா மிஸ் வந்து வாங்குனாரு? நீங்கதான வந்தீங்க."

"அவன் அனுப்பித்தானடி வந்தேன்."

"அப்ப அத எழுதலாம்ல? நீங்க வந்தீங்கன்னே இதுல இல்லியே. இதுல கையெழுத்துப் போட்டா நானும் பொய் சொன்னவளா ஆயிடுவேன். நாளைக்கு விசாரிச்சா, யாருமா வந்து வாங்குனதுன்னு கேப்பாங்க. நான் என்னா சொல்றது?"

நான் மூலையில் இருந்த மூட்டைகள் பக்கம் பார்வையைத் திருப்பினேன்.

"அன்னைக்கு நான் கேட்டேன் மிஸ். கேட்டதுக்கு அதட்டுனீங்க." அவள் குரல் உடைந்தது. "வேற யாரா இருந்தாலும் அந்தத் தாளக் கிழிச்சிப் போட்டுருப்பேன். நீங்களாச்சேன்னு போட்டேன். இருவத்தெட்டு வருஷமா இந்த வார்டுல இருக்கேன். என் வார்ட நானே மூடிட்டேன்னு கேட்டுல ஒட்டியிருக்கான். அந்தப் புள்ளைங்க என்னப் பாக்கற பார்வ இருக்குதே..."

"மன்னிச்சிடுடி" என்றேன். என் மாணவி ஒருத்தியிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. என் மனுவை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஒங்க தாளு வேணாம் மிஸ். நானே எழுதறேன்."

டியூட்டி மேசையில் உட்கார்ந்தாள். கோடு போட்ட தாள் இரண்டு எடுத்து எழுத ஆரம்பித்தாள். நான் எதிரே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் எழுதினாள். இடையில் ஒரே ஒரு தடவை தலை நிமிர்ந்தாள்.

"பொய்யான காரணம் சொல்லின்னு எழுதியிருக்கேன். பொய்யுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாதுடி."

"அப்ப, பொய்யென்று அவருக்கும் அப்போது தெரியாதுன்னு சேத்துக்கறேன்" என்றாள். சேர்த்துக்கொண்டாள். என் மேல் இருந்த கோபத்திலும் நியாயத்தை விடவில்லை. அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எழுதி முடித்து என் முன்னால் வைத்தாள். "படிச்சுப் பாருங்க மிஸ். வக்கீலு சொன்னாருன்னு சொன்னீங்கல்ல, வாங்குனவங்க சொன்னா செல்லும்னு. எல்லாம் உண்மைன்னு நீங்க கீழ கையெழுத்துப் போட்டா, பத்துப் பேரு வேணாம். இது ஒண்ணு போதும்."

படித்தேன். அவள் தலைவியாகப் பெரிய நோட்டில் எழுதியது, நான் குவார்ட்டர்ஸுக்கு வந்தது, தலைப்பு இல்லாத தாளை நீட்டியது எல்லாம் நாள் நேரத்தோடு இருந்தது. 'நான் சந்தேகம் கேட்டபோது ஆசிரியை அன்புக்கரசி என்னை அதட்டினார்.' இருந்தது. 'டோமினிக் அவர்கள் அந்தத் தாள்களை மோசடியாகப் பயன்படுத்தினார்.' அதுவும் இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்தேன்.

'உண்மை வெளிப்பட்ட பிறகும் ஆசிரியை அன்புக்கரசி, தன் பங்கை மறைத்து ஒரு மனு எழுதி, அதிலும் என் கையெழுத்தைக் கேட்டார்.'

"இது வேணுமாடி?" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "இது எதுக்கு? இதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்னா சம்பந்தம்?"

"நடந்துச்சா, இல்லியா மிஸ்?"

வெளியே அந்த இருபத்திரண்டு பெண்களின் பெட்டிகளை யாரோ வேனில் ஏற்றும் சத்தம் கேட்டது. வேறு ஊர் ஸ்கூலில் இடம் கேட்டிருக்கிறார்கள், கிடைக்குமோ கிடைக்காதோ. இந்த ஒரு வரியை எடுத்துவிடு என்று நான் அடம்பிடித்தால் திரௌபதி எடுத்தாலும் எடுப்பாள். எடுத்துவிட்டு, செத்தாலும் என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

"நடந்துச்சு" என்றேன்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பெயர், வயது, முகவரி எழுதினேன். என் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. அவள் தாளை வாங்கி, மை காய்கிற வரை கையிலேயே வைத்திருந்தாள்.

"குடு, பதிவு ஆபீஸு அஞ்சு மணிவரைக்கும் இருக்கும். போற வழிதான எனக்கு, நானே குடுத்துட்டுப் போயிடறேன்" என்று கையை நீட்டினேன்.

திரௌபதி தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "வேணாம் மிஸ். நீங்க வூட்டுக்குப் போங்க. நானே கொண்டுபோயி நேர்ல குடுத்துக்கறேன்" என்றாள்.